கறிவேப்பிலைக்கு ஹொஸ்டல் நடத்திய இலையுதிர் காலங்கள்

பூக்கண்டுக் கடை வேலை என்றால் பூக்களுக்கு நடுவில் நின்று சிரிக்கிற வேலை என்று நினைப்பவர்கள், முதலில் ஒரு மூட்டை ஈரக் கோழி எருவைத் தூக்கித் தோளில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் வைத்துப் பார்த்தவள். மெல்பேர்னில், கிளேட்டனுக்குக் கொஞ்சம் தள்ளி, ரயில் பாதையோரம் இருந்த ஒரு சின்ன நேர்சரியில் சில வருடங்கள் நின்றேன். மன்னாருக்குப் போன் எடுத்து, “நேர்சரியிலை வேலை கிடைச்சிருக்கு” என்று சந்தோசமாகச் சொன்னபோது, என் மாமி, “பிள்ளையள் குழப்படியோ?” என்று கேட்டார். எங்கள் ஊரில் நேர்சரி என்றால் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். “இல்லை மாமி, தண்ணி விட்டாச் சத்தம் போடாமல் நிக்குதுகள்” என்றேன்.

கடைகளில் கால் கடுக்க நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் ‘நோ வொறீஸ்’ சொல்லிச் சொல்லித் தாடை நொந்த என் சகோதர சகோதரிகளே, இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு விளங்கும். மற்றவர்கள் பூப் பார்க்க வந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

டில்லி

மார்ச் மாதம். வெளிக் கதவில் ‘அன்னையர் தினம் வரை உதவிக்கு ஆள் தேவை’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் கணவர் அன்ரன் டண்டினோங்கில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வீட்டில் இருந்து சுவரைப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கிற நிலை. மன்னாரில் மருந்துக் கடையில் நின்றவள் நான். கடை என்றால் பயமில்லை. இங்கிலிசில் கதைப்பதுதான் பயம். அந்தக் கதவைத் தாண்டிப் பல நாள் போய் வந்தேன். ஒரு நாள் மழை வந்ததால் உள்ளே ஒதுங்கினேன். அப்படித்தான் வேலை கிடைத்தது.

கடைக்காரி மொரீன். அறுபதைத் தாண்டியவர், பனைபோல நெடுவல், தலையில் எப்போதும் ஓரம் பிய்ந்த வைக்கோல் தொப்பி. “செடி கொடி தெரியுமோ?” என்று கேட்டார். “இல்லை” என்றேன். “தூக்குவியோ?” என்றார். பக்கத்தில் இருந்த மண் மூட்டையைத் தூக்கிக் காட்டினேன். “பேர்?” “மெற்றில்டா.” இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, “டில்லி” என்று முடித்துவிட்டார். மன்னாரில் பிறந்த நான் அன்றைக்கு இந்தியாவின் தலைநகரமானேன்.

எங்கள் ஊரில் வெயில் காலம் உண்டு, மழைக் காலம் உண்டு. இலையுதிர் காலம் என்ற ஒன்றைப் புத்தகத்தில் படித்ததோடு சரி. ஏப்ரல் பிறந்து முற்றத்தில் நின்ற பெரிய மரம் ஒன்று இரத்தச் சிவப்பாகி, நான் பார்த்துக்கொண்டிருக்கவே இலையைக் கொட்டத் தொடங்கியதும் எனக்கு நெஞ்சு பதறியது. ஓடிப்போய், “மொரீன், மரத்துக்கு ஏதோ வருத்தம். மருந்து அடிக்கேல்லையோ?” என்று கேட்டேன். அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “அதுக்கு வருத்தமில்லை டில்லி, லீவு. உனக்குத்தான் லீவில்லை, விளக்குமாத்தை எடு.”

வெண்காயச் சொதி

ஈஸ்டர் கழிந்ததும் டியூலிப் கிழங்கு விற்கிற காலம். பார்த்தால் சின்ன வெண்காயம்தான். ஆறு கிழமை குளிருக்குள் இருந்தால்தான் அது குளிர்காலம் முடிந்தது என்று நம்பிப் பூக்குமாம். மெல்பேர்ன் குளிர் அதற்குக் காணாது என்பது மொரீனின் கட்சி. ஒரு நாள் பின்னேரம் ஒரு கடதாசிப் பை நிறையக் கிழங்கைத் தந்து, “உனக்குத்தான். பிரிட்ஜிலை மரக்கறித் தட்டிலை வை” என்றார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் அன்பளிப்பு அது. கவனமாகக் கொண்டுபோய் வைத்தேன். அன்ரனுக்குச் சொல்ல மறந்துபோனேன்.

சனிக்கிழமை அவருடைய சமையல் முறை. நான் வேலை முடிந்து வீட்டுக்குள் கால் வைத்தபோது குசினியில் இருந்து தேங்காய்ப்பாலும், அதோடு பழக்கமில்லாத ஒரு பச்சை வாசமும் வந்தது. “இந்த ஊர் வெண்காயம் நல்ல சாதி மெற்றில்டா, உரிக்கக் கண்ணே எரியேல்லை” என்றார் அன்ரன். ஏற்கெனவே ஒரு கரண்டி உப்புப் பார்த்திருந்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குலைத்தது. சொதி முழுவதும் குப்பைக்குப் போனது. அன்ரன் தண்ணீரைக் குடித்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு கதிரையில் இருந்தார். நல்ல காலம், வயிறு ஒரு மணித்தியாலம் இரைந்ததோடு அடங்கியது.

அடுத்த நாள் மொரீனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மென்று விழுங்கிச் சொன்னேன். தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு, தொப்பி கழன்று விழ அவர் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பஞ்சம் வந்தபோது ஒல்லாந்து தேசத்தில் இந்தக் கிழங்கைத்தான் அவித்துத் தின்றார்கள் என்றும், நடுவில் இருக்கும் முளையை மட்டும் வெட்டி எறிந்துவிட வேண்டுமாம் என்றும் சொன்னார். வீட்டுக்குப் போய் அதை அப்படியே ஒப்புவித்தேன். அன்ரன் கதிரையில் இருந்தபடியே சொன்னார்: “மன்னாரிலை கோட்டையைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு இருந்த ஒல்லாந்தர், போகேக்கை இதையும் சொல்லித் தந்திட்டுப் போயிருக்கலாம்.”

அம்மாவுக்கு வெள்ளைச் செவ்வந்தி

இங்கே அன்னையர் தினம் மே மாதத்தில், இலையுதிர் காலத்துக்குள் வரும். அம்மாமாருக்கு வெள்ளைச் செவ்வந்தி கொடுப்பது இந்த ஊர் வழக்கம். அந்தக் கிழமை முழுவதும் சாடி சாடியாகச் செவ்வந்திக்கு ரிப்பன் கட்டி, இரவு கண்ணை மூடினாலும் வெள்ளையாகவே தெரியும்.

அன்னையர் தினம் கழிந்த திங்கட்கிழமை காலை, கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு இத்தாலிய அம்மா சாடியைக் கொண்டுவந்து மேசையில் ‘டக்’ என்று வைத்தார். நானே ரிப்பன் கட்டி அவருடைய மகனுக்கு விற்றது. “பிழை ஏதாவதோ?” என்று கேட்டேன். இத்தாலியில் இதைக் கல்லறைக்குத்தான் கொண்டுபோவார்கள், இங்கே பிறந்த பிள்ளைக்கு அது தெரியவில்லை, நேற்று முழுவதும் பக்கத்து அறையில் போய் அழுதேன் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நான் கத்தோலிக்கப் பெட்டை, கல்லறைத் திருநாள் பார்த்து வளர்ந்தவள். எனக்கு அவருடைய துக்கம் விளங்கியது. செவ்வந்தியை எடுத்துக்கொண்டு சிவப்பாகப் பூத்த சைக்ளமென் சாடி ஒன்றைக் கொடுத்தேன்.

வரிசையில் பின்னால் நின்ற பரமேஸ் அன்ரி எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்து மனுசி, செவ்வாய் வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். “தங்கச்சி, அது வேண்டாமெண்டால் எனக்குத் தாரும். எவ்வளவு வடிவான செவ்வந்தி!” என்று சாடியை அணைத்துக்கொண்டார். இத்தாலிய அம்மா பதறிப்போய், “யார் செத்தது?” என்று கேட்டார். “ஒருத்தரும் சாகேல்லை, சாமிக்கு வைக்க” என்று அன்ரி மேலே கையைக் காட்டினார். இத்தாலிய அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சொன்னார்: “கடவுளுக்குத்தானே? அப்ப பயமில்லை, அவருக்கு ஒண்டும் நடக்காது.”

விடுதி மாணவர்கள்

எனக்குச் சொன்ன தவணை அன்னையர் தினத்தோடு முடிந்தது. வேலைக்குக் கட்டிய ஏப்ரனைத் தோய்த்து மடித்துக் கொண்டுபோனேன். மொரீன் அதை வாங்கவே இல்லை. ரோசாக் கட்டைகள் வரப்போகின்றன, போய்ச் சாடிகளைக் கழுவு என்றார். அவ்வளவுதான். கடிதமும் இல்லை, கதையும் இல்லை, நான் தங்கிவிட்டேன்.

அந்தக் காலைகள் இன்றைக்கும் எனக்குள் இருக்கின்றன. வாயைத் திறந்தால் புகை வரும். மண் கலவையின் புளித்த மணம். விறைத்த விரல்களால் பான்சிப் பூ நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கி நடுவோம். தண்ணீர் விடுகிற ஸ்பைரோ என்ற கிரேக்கக் கிழவர், ஒரு வார்த்தை பேசாமல், தன் ஃபிளாஸ்க்கில் இருந்து கரிபோலக் கறுத்த கோப்பியை எனக்கும் ஊற்றி நீட்டுவார். எதிரே ரயில் போகும். உள்ளே கோட்டும் சூட்டுமாய் இருக்கிறவர்களைப் பார்த்து, பாவம், இவர்களுக்கு இன்றைக்கு மண் கிடைக்காது என்று நினைப்பேன்.

ஒரு இலையுதிர் காலத்தில் பரமேஸ் அன்ரி தன் கறிவேப்பிலைச் சாடியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். “போன வருசக் குளிருக்குள்ளை பாதி பட்டுப் போச்சு தங்கச்சி. உங்கடை கொட்டிலுக்குள்ளை ஒரு மூலையிலை வைச்சிரும்.” ஹீற்றர் பூட்டிய பொலித்தீன் கொட்டில் ஒன்று எங்களிடம் இருந்தது. மொரீன் முதலில் முகத்தைச் சுளித்துவிட்டு, பிறகு “ஒண்டே ஒண்டு” என்றார். அன்ரி அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் வரிசை. கறிவேப்பிலை, மல்லிகை, ஒரு சின்ன முருங்கை. ஒவ்வொன்றிலும் பேர் எழுதிக் கட்டினேன். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆட்கள் விடுதிப் பிள்ளையைப் பார்க்க வருவதுபோல வந்தார்கள். தடவிப் பார்த்தார்கள். “மெலிஞ்சு போச்சு” என்றார்கள். தங்கள் செடி வளரட்டும் என்று விட்டுவிட்டு, பக்கத்துச் செடியில் ஒரு நெட்டு முறித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற ஸ்பைரோ, அந்த மாதத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தார்: “என்ரை மூண்டு பிள்ளையளும் என்னைப் பாக்க இவ்வளவு அடிக்கடி வாறேல்லை.”

மரத்துக்கு உயிர் இருக்கா?

கார்த்திக் என்ற கோயம்புத்தூர்த் தம்பி, கம்ப்யூட்டர் வேலை. புது வீடு குடிபோன கோடையில் எங்களிடம் மேப்பிள் கன்று ஒன்று வாங்கிப் போனவர். மே மாதத்தில் அதைக் காரின் முன் இருக்கையில் வைத்து, சீட் பெல்ட் போட்டுக் கொண்டுவந்தார். ஒரு இலை இல்லை. “மேடம், தினமும் தண்ணி ஊத்தினேன். செத்துப் போச்சு. வைஃப் என்கூடப் பேசறதில்லை” என்றார். வீட்டுக்கு முதன்முதல் வாங்கிய மரமாம், அபசகுனம் என்று மனைவி நினைக்கிறாராம்.

நானும் ஒரு காலத்தில் கேட்ட கேள்விதானே. சிரிக்கவில்லை. நகத்தால் கொப்பின் தோலை மெல்லச் சுரண்டிக் காட்டினேன். உள்ளே பச்சை. “சாகவில்லை தம்பி, நித்திரை. செப்டெம்பரில் வசந்தம் வர எழும்பும்” என்றேன். அவர் உடனே மனைவியை ஃபோனில் கூப்பிட்டு, சத்தமாக வைத்து, “நீங்களே சொல்லிடுங்க மேடம், நான் சொன்னா நம்ப மாட்டா” என்று என்னிடம் நீட்டினார். நான் முழுவதும் சொன்னேன். சுரண்டிப் பார்த்ததையும் சொன்னேன். மறுமுனையில் அந்தப் பெண் சொன்னாள்: “சரிங்க, மரம் தூங்குதுன்னு ஒத்துக்கறேன். அப்படியே இவரையும் கொஞ்சம் சுரண்டிப் பாருங்க, உள்ளே பச்சை இருக்கான்னு.”

உறைபனி

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

மே மாதக் கடைசி. அந்த வருடத்து முதல் உறைபனி. காலை நான் வந்தபோது புல் எல்லாம் வெள்ளையாக மொறுமொறுத்தது. பொலித்தீன் கொட்டிலைத் திறந்தேன். உள்ளே வெளியைவிடக் குளிர். ஹீற்றருக்குப் போகிற மின்சாரம் எப்போதோ தானாக நின்றுபோயிருந்தது. கறிவேப்பிலைகள் எல்லாம், வெந்நீர் ஊற்றியதுபோல, கறுத்துத் தொங்கின. நான் எழுதிக் கட்டிய பேர்கள் மட்டும் அழியாமல் நின்றன.

மொரீன் வந்தார், பார்த்தார், ஒரு கவிழ்த்த சாடியில் இருந்துவிட்டார். பிறகு எழும்பி, “ஹீற்றர் என்ரை. நான்தான் சொல்ல வேணும்” என்றார். ஒவ்வொருவருக்காகப் போன் எடுத்தோம். அவர் இங்கிலிசில் மன்னிப்புக் கேட்பார், நான் தமிழில் சொல்வேன். ஒருவர், வேறு செடி தருவீர்களா என்று மட்டும் கேட்டார். பரமேஸ் அன்ரி, “இலை கருகினால் என்ன, காய வைச்சுப் பொடி இடிக்கலாம், எறிஞ்சு போடாதையும்” என்றார். வசந்தத்தில் பாதிக்கு மேல் அடியில் இருந்து துளிர்த்தன. துளிர்க்காதவற்றுக்கு மொரீன் புதுச் செடி கொடுத்தார். ஆனால் அந்தக் காலையில் அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

நான் கடைசிக்குத் தள்ளி வைத்த போன் ஒன்று இருந்தது. செல்வம் அங்கிளுடையது. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவருடைய மனைவி முதியோர் இல்லத்தில் இருந்தார். மறதி வருத்தம் முற்றி, பேச்சும் போய்விட்டது. அங்கிள் எங்களிடம் விட்டிருந்த கறிவேப்பிலை மனைவி நட்டது. ஒவ்வொரு ஞாயிறும் அங்கிள் வந்து ஒரு நெட்டு முறித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இல்லத்துக்குப் போவார். கையில் கசக்கி மூக்கடியில் பிடித்தால், அந்த நேரம் மட்டும் அவ தன் முகத்தை உற்றுப் பார்ப்பா என்று எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறார். போனில் விசயத்தைச் சொன்னேன். “ஓம், வாறன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அவர் வருவதற்குள் நானும் மொரீனும் ஸ்பைரோவும் முழங்காலில் இருந்து அந்தச் சாடியைப் புரட்டிப் பார்த்தோம். பெரிய மல்லிகைச் சாடி ஒன்று அதில் சாய்ந்து நின்றிருந்தது. அந்த மறைவில், மண்ணோடு ஒட்டி, ஒரு சின்னக் கிளை பச்சையாகத் தப்பியிருந்தது. விரலளவு. அங்கிள் வந்து குனிந்து பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. “வேறை செடியிலை இருந்து வாங்கித் தரட்டோ அங்கிள்? இதிலை ஒண்டும் இல்லையே” என்றேன். அவர் அந்தக் கிளையில் ஒரு நெட்டை மெதுவாகக் கிள்ளி, மூக்கில் வைத்து மணந்து பார்த்து, சட்டைப் பைக்குள் வைத்தார். “இது காணும் பிள்ளை. அவ மணக்கத்தானே போறா, தாளிக்கவோ?”

சம்பளமில்லாச் சனிக்கிழமை

பிறகு நான் படித்து, ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்துப் பிரிவில் வேலை எடுத்துவிட்டேன். ஜன்னல் இல்லாத அறை. அங்கே கோடையும் குளிரும் ஒன்றுதான். காரை நிறுத்துகிற இடத்தில் இலைகள் காலில் மிதிபடும்போதுதான் ஏப்ரல் வந்தது தெரியும். அன்றைக்கு முழுவதும் எதையோ வீட்டில் வைத்துவிட்டு வந்ததுபோல இருக்கும்.

இந்த வருடம் அப்படியொரு சனிக்கிழமை, ஒரே ஒரு சைக்ளமென் வாங்கலாம் என்று அன்ரனையும் கூட்டிக்கொண்டு நேர்சரிக்குப் போனேன். ஸ்பைரோ என்னைக் கண்டதும் வணக்கம் சொல்லவில்லை, தண்ணீர்க் குழாயைக் கையில் தந்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார். தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்க, பிள்ளைத் தள்ளுவண்டியோடு வந்த ஒரு இளம் தாய், மாட்டெரு எங்கே என்று கேட்டாள். காட்டினேன். தூக்கியும் கொடுத்தேன். டியூலிப்பை எத்தனை நாள் பிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார். சொன்னேன், வீட்டுக்காரருக்கும் மறக்காமல் சொல்லுங்கள் என்றேன். அன்ரன் காரில் இருந்து இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டு, மூன்றாம் தரம் தானும் இறங்கி வந்து மூட்டை ஏற்றத் தொடங்கினார்.

மொரீன் இப்போது முக்காலியில் இருந்துதான் காசு வாங்குகிறார். தொப்பி மட்டும் அதே தொப்பி. அந்த இளம் தாய் அவரிடம் போய் என்னைக் காட்டி, “நல்ல ஆள், இவவைக் கைவிட்டிடாதேங்கோ” என்று சொன்னாள். மொரீன் தொப்பியைக் கொஞ்சம் உயர்த்தி என்னைப் பார்த்தார். “நான் எப்பவோ விட்டிட்டன். அவள்தான் போக மாட்டன் எண்டு நிக்கிறாள்.”

சம்பளம் மட்டும் தந்த வேலைகள் எல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டன. முதுகு நோவும் சேர்த்துத் தந்த இந்த ஒரு வேலைதான் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தவறாமல் வந்து என்னைச் சுகம் விசாரித்துவிட்டுப் போகிறது.